மதுரையில் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு: முகவரியிலிருந்து ஆரம்பியுங்கள்

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. இந்த மூன்றையும் அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று 2024 தை மாதம் ஆனையூர்ப் பக்கம் ஒரு கடை பிடித்தேன். பங்குனியில் திறப்போம் என்று சொந்தபந்தங்களிடம் சொல்லியாயிற்று. திறந்தது ஆவணியில். நடுவில் ஐந்து மாதம், பூட்டிக் கிடந்த கடைக்கு வாடகை கொடுத்தேன். அரவை மெஷினுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

கேட்ட உரிமம் எதையும் யாரும் மறுக்கவில்லை. நான் போன வரிசைதான் தப்பு. வீட்டு முகவரியில் உணவுப் பதிவை எடுத்தேன். அப்புறம் கடை பிடித்தேன். அதற்கும் அப்புறம்தான் கடையின் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு முகவரி, ஒவ்வொரு பெயர். ஒன்றைத் திருத்தப் போனால் இன்னொன்று இடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இன்று மறுபடி தொடங்கினால் எந்த வரிசையில் போவேனோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

என்னுடையது உணவுத் தொழில். நீங்கள் தையல் கடையோ செல்போன் பழுதுபார்க்கும் கடையோ ஜெராக்ஸ் கடையோ வைக்கிறீர்கள் என்றால் 6, 10 இரண்டையும் தாண்டிப் போகலாம். மற்றவை உங்களுக்கும் பொருந்தும். கட்டணங்கள், மானிய அளவுகள் எல்லாம் 2024 கணக்கு. நீங்கள் கட்டும் அன்று அந்தந்த இணையதளம் காட்டும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று தாள்

கடை பிடித்திருக்கிறது, வாடகை கட்டுப்படியாகிறது, தெருவில் ஆள் நடமாட்டமும் இருக்கிறது. நல்லது. அட்வான்ஸ் கையை விட்டுப் போகும் முன் கட்டட உரிமையாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, "இந்த இடத்தில் இன்னார் தொழில் நடத்த எனக்குச் சம்மதம்" என்று ஒரு கடிதம்.

முதல் இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். என் கடைக்குச் சொத்து வரி, உரிமையாளரின் காலமான அப்பா பெயரில் வந்துகொண்டிருந்தது. மின் இணைப்பு, அந்த இடத்தை அவர்களுக்கு விற்றவர் பெயரில். என்னிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மகன். மூன்று தாள், மூன்று பெயர். அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு வரியை மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் கையெழுத்து என்று நீண்டது. உரிமையாளரின் தங்கை திருப்பூரில் இருந்தார். அவர் ஊருக்கு வந்து கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தோம். இதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருந்தால், "பெயரை மாற்றி வையுங்கள், அடுத்த மாதம் வருகிறேன்" என்று சொல்லி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் காத்திருந்திருப்பேன்.

அடுத்து, சொத்து வரி எந்த வகையில் விதிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பு என்று இருந்தால் அதை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டி வரும், வரி கூடும். வீட்டின் முன்னறையை இடித்துக் கடையாக்கிய இடங்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இருக்கும். உரிமையாளர் தயங்குவது இதனால்தான். "அதெல்லாம் எதுக்கும்மா? இத்தன வருசமா இந்தக் கடையில யாரும் வந்து கேட்டதில்லையே" என்றார் எங்கள் கடை உரிமையாளர். அவர் கெட்டவர் இல்லை. வரி கூடினால் தன் தலையில் விழுமே என்ற கவலை. கூடும் வரியை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசி, அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். பழைய வரி பாக்கி, குடிநீர்க் கட்டணப் பாக்கி, பாதாளச் சாக்கடைப் பாக்கி ஏதும் இருந்தால் அதையும் முன்கூட்டியே கட்டச் சொல்லுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

முகவரியை வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள். சொத்து வரி ரசீதை டைப் செய்பவர் முன்னால் வைத்து, அதில் உள்ளபடியே, பழைய எண், புதிய எண், தெருப்பெயர், வார்டு என்று எழுத்து மாறாமல் அடிக்கச் சொல்லுங்கள். இனி உங்கள் எல்லா விண்ணப்பத்திலும் போகப்போகும் முகவரி இதுதான். "முதல் தெரு" என்று ஓரிடத்திலும் "1வது குறுக்குத் தெரு" என்று ஓரிடத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே இடம் என்று நாம்தான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

"கடை நடத்த" என்று மட்டும் எழுதாமல் என்ன தொழில் என்று எழுதுங்கள். எனக்கு "மசாலாப் பொடி வகைகள் தயாரித்து விற்க" என்று இரண்டாவது முறை மாற்றி எழுதினோம்.

பலரும் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். ஓராண்டைத் தாண்டிய குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதுபோக, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும். வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் 11 மாத ஒப்பந்தம் போதுமா என்று வங்கியில் முதலில் கேளுங்கள்.

2. மாநகராட்சியா, ஊராட்சியா?

ஊர்ப் பேச்சில் ஒத்தக்கடையும் மதுரைதான், சமயநல்லூரும் மதுரைதான். விண்ணப்பத்தில் அப்படி இல்லை. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சுற்றியுள்ள சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் 100 ஆயின. எல்லையோரத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்றுகூட இருக்கும். சந்தேகமே வேண்டாம்: சொத்து வரி ரசீதின் தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ, தொழில் உரிமத்துக்கு அங்கேதான் போக வேண்டும். மாநகராட்சி என்றால் ஐந்து மண்டலங்களில் உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எல்லை மானியத்தையும் பாதிக்கும், 4இல் சொல்கிறேன்.

3. பெயர்

ஒருவர் மட்டும் நடத்தும் தொழிலுக்கு "நிறுவனப் பதிவு" என்று தனியாக ஒன்றும் கிடையாது. உங்கள் பான் கார்டுதான் தொழிலின் பான் கார்டு. கூட்டாளி இருந்தால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, கூட்டாண்மையின் பெயரில் தனிப் பான் வாங்க வேண்டும். அண்ணன் தம்பி சேர்ந்து செய்தாலும் பத்திரம் எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட வேண்டாம்.

ஆதாரில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால் இருக்கும், ஓரிடத்தில் விரிந்து அப்பா பெயராகப் பின்னால் இருக்கும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனி வரும் ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். என்னுடையது பழைய எண். அதை ஆதார் மையத்தில் மாற்றும்வரை ஒரு விண்ணப்பமும் நகரவில்லை.

கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, அந்த எழுத்துக்கூட்டலை எங்கும் மாற்றாதீர்கள். பெயரைக் காப்பாற்ற விரும்பினால் வணிகக் குறி பதிவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. இதற்கு அவசரம் இல்லை. ஆனால் அதே பெயரில் வேறு யாரும் ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கக் காசு எதுவும் இல்லை. பலகை எழுதும் முன் தேடிவிடுங்கள்.

4. மானியக் கடன் வேண்டுமா? இங்கேயே நில்லுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குப் புதுத்தொழில் மானியம் கிடையாது. மெஷின் வாங்கி, பில் போட்டு, விற்பனையும் தொடங்கிவிட்டுப் போய் நின்றால் "உங்களுடையது பழைய தொழில்" என்று ஆகிவிடும். ஆகவே கடன் திட்டம் இருந்தால், மற்றப் பதிவுகளுக்கு ஓடும் முன் கே.புதூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். எந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும், எதை எப்போது எடுக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35. பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றால், மாநகராட்சி எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் மட்டும் ஒரு லட்சம் வித்தியாசம். இடம் பார்க்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். சொந்தப் பங்காகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதம், சிறப்புப் பிரிவினர் 5 சதவீதம் போட வேண்டும். மானியம் கையில் பணமாக வராது. வங்கியில் மூன்று ஆண்டு முடக்கி வைத்து, பிறகு கடனில் கழிப்பார்கள். "மானியம் வந்ததும் மெஷினுக்குக் கொடுத்துவிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3 லட்சத்து 75 ஆயிரம். உணவுத் தொழில் என்றால், குறு உணவு நிறுவனங்களை முறைப்படுத்தும் மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். இதில் ஏற்கெனவே நடத்துகிறவர்களும் கேட்கலாம். நான் கடைசியில் இந்தக் கதவைத்தான் தட்டினேன், ஏனென்றால் முதல் கதவை நானே மூடிக்கொண்டிருந்தேன்.

5. உத்யம் பதிவு: காசு கொடுக்காதீர்கள்

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், பான், செல்போன் மூன்றும் இருந்தால் அரை மணி நேர வேலை. எந்தத் தாளும் பதிவேற்ற வேண்டியதில்லை. கட்டணம் பூஜ்யம். ஆனாலும் நான் ஒரு கணினி மையத்தில் 2,500 ரூபாய் கொடுத்தேன், "அரசுக் கட்டணம்" என்று சொன்னதை நம்பி. இணையத்தில் தேடினால் அசல் போலவே தோற்றமுள்ள தளங்கள் வரும். அவை நம் விவரங்களை வாங்கிக்கொண்டு பணம் கேட்கும். முகவரியின் முடிவில் "ஜிஓவி டாட் இன்" இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

தொழில் வகைக்கு ஒரு குறியீட்டு எண் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இங்கே நிதானம் வேண்டும். மசாலா அரைப்பதற்கு 10795, அப்பளத்துக்கு 10796 என்று தனித்தனி எண் உண்டு. அரைத்து விற்கிற நீங்கள் "சில்லறை விற்பனை" என்று போட்டுவிட்டால் பிறகு உற்பத்திக்கான கடனில் கேள்வி வரும். ஒருவருக்கு ஒரே உத்யம் எண்தான். இரண்டாவது தொழிலை அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். முகவரியாக 1இல் சொன்ன அந்த முகவரியையே போடுங்கள்.

பதிந்த சில நாளில் "உங்கள் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். கட்டாதீர்கள். உத்யமுக்குப் புதுப்பித்தல் கட்டணம் கிடையாது.

6. உணவுப் பாதுகாப்புப் பதிவு

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை அடிப்படைப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம். விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 2,000, தயாரிப்பவர்களுக்கு அளவைப் பொறுத்து 3,000 அல்லது 5,000. அப்போது ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்ட முடிந்தது. மாதம் ஒரு லட்சத்துக்குள் விற்பவர் உரிமத்துக்குப் போக வேண்டியதில்லை. ஏஜென்ட் "பெரியதாகவே எடுத்துடுங்க" என்பார். அவசரப்படாதீர்கள், விற்பனை கூடியதும் மாற்றிக்கொள்ளலாம்.

அடிப்படைப் பதிவுக்குப் புகைப்படம், அடையாள அட்டை, இடத்துக்கான சான்று போதும். உரிமம் என்றால் இடத்தின் வரைபடம், மெஷின் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை என்று கூடும். பதிவு விண்ணப்பத்துக்கு 7 நாளில் முடிவு தெரியும். ஆய்வுக்கு வருவதாகச் சொன்னால் 30 நாள் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சறுக்கிய இடங்கள் இரண்டு. முதலாவது, இந்தப் பதிவு ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. வீட்டில் எடுத்த பதிவு கடைக்குச் செல்லாது. வீட்டு முகவரியும் பழைய எண்ணும் போட்டு 2,000 பவுச் அச்சடித்து வைத்திருந்தேன். கடைக்கு மாறியதும் அத்தனையும் வீண். பதிவுக்கான 100 ரூபாய் போனது பெரிதில்லை, பவுச் போனதுதான் வலித்தது. வீட்டிலிருந்தே செய்யப்போகிறீர்கள் என்றால் வீட்டு முகவரியில் தாராளமாக எடுங்கள், அதற்குத் தடையில்லை. ஆறு மாதத்தில் இடம் மாறும் எண்ணம் இருந்தால் அச்சுக்குப் போகாமல் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளியுங்கள்.

இரண்டாவது, தொழில் வகை. நான் "சில்லறை விற்பனையாளர்" என்று டிக் செய்திருந்தேன். அரைப்பவர் தயாரிப்பாளர். கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்கிச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்பவர் மறுபொதி செய்பவர். இரண்டும் செய்தால் இரண்டையும் குறிக்க வேண்டும். இந்த ஒரு டிக்கினால் என் விண்ணப்பம் திரும்பி வந்தது.

உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும், உங்களையும் சேர்த்து, மருத்துவத் தகுதிச் சான்று எடுத்துக் கோப்பில் வையுங்கள். பதிவுச் சான்றிதழைக் கடைக்கு வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். அடுப்பு எரிக்கிறீர்கள் என்றால் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் இணைப்பு எடுத்தாக வேண்டும்.

7. தொழில் உரிமமும் மின் இணைப்பும்

மாநகராட்சித் தொழில் உரிமத்தை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்; இடறினால் மண்டல அலுவலகம். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, சம்மதக் கடிதம், ஆதார், பான், புகைப்படம், கடையின் முன்புறப் படம். 1ஆம் படியை ஒழுங்காக முடித்தவருக்கு இது பதிவேற்றும் வேலை மட்டும்தான். கட்டணம் தொழிலையும் பரப்பளவையும் பொறுத்து மாறும். மோட்டார் வைத்த மெஷின் இருந்தால் அதன் குதிரைத்திறனை மறைக்காமல் எழுதுங்கள். உரிமம் வந்ததும் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். கிடைத்த நாளிலிருந்து ஓராண்டு என்று நீங்களாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அது மின்வாரிய விதிமீறல். கண்டுபிடித்தால் அபராதத்தோடு பின்தேதியிட்டு வசூலிப்பார்கள். அந்தப் பில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும், அவர் உங்களிடம் வருவார். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் கடைக்குக் கிடையாது என்பதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு மட்டும் நடக்கும் இடத்துக்கும் விற்பனை நடக்கும் இடத்துக்கும் கட்டண வீதம் வேறு. உத்யம் சான்றிதழோடு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். மெஷின் வாங்கும் முன் மின்சுமை போதுமா, மும்முனை இணைப்பு வேண்டுமா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். சுமையைக் கூட்ட வைப்புத் தொகை கட்ட வேண்டும், நாளும் ஆகும்.

8. நடப்புக் கணக்கு

தனிநபர் தொழிலுக்கு, தொழிலின் பெயர் உள்ள இரண்டு சான்றுகளை வங்கிகள் கேட்கும். உத்யமும் உணவுப் பதிவும், அல்லது உத்யமும் தொழில் உரிமமும் போதும். இதற்காக ஜிஎஸ்டி எடுக்க வேண்டியதில்லை. நான் போன ஒரு கிளையில் "ஜிஎஸ்டி இல்லாம கணக்குத் திறக்க முடியாதும்மா" என்றார்கள். இன்னொரு வங்கியில் மேற்சொன்ன இரண்டோடு மூன்றே நாளில் திறந்தார்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, பணமாகக் கட்டினால் எத்தனை தடவைக்கு மேல் கட்டணம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

9. ஜிஎஸ்டி: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால், சேவைக்கும் ஓட்டலுக்கும் 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் வேண்டாம். ஆனால் ஒரு கண்ணி உண்டு. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கூரியரில் பொடி கேட்பார்கள். சந்தோஷமாக அனுப்பிவிடாதீர்கள், அது மாநிலம் தாண்டிய விற்பனை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்க, 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி எடுக்காமலே தனிச் சேர்க்கை எண் பெற்றுக்கொள்ளலாம்.

பதிவு இலவசம். ஆதார் சரிபார்ப்பைச் செய்துவிட்டால் பெரும்பாலும் 7 வேலை நாளில் முடியும். தவிர்த்தால் 30 நாள் வரை இழுக்கும். அதிகாரி விளக்கம் கேட்டால் 7 வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும், ஆகவே மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். இங்கேயும் கேள்வி வருவது பெரும்பாலும் இடத்தின் சான்றில்தான்: மின் ரசீதில் ஒரு பெயர், சம்மதக் கடிதத்தில் இன்னொரு பெயர்.

"சும்மா எடுத்து வையுங்க, மதிப்பா இருக்கும்" என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எடுத்துவிட்டால் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வெற்றுத் தாக்கல் தாமதமானால்கூட நாளுக்கு 20 ரூபாய். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்தால் தயாரிப்பாளருக்கும் வியாபாரிக்கும் வரி விற்பனையில் 1 சதவீதம்தான், ஆனால் அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

10. தராசு, பாக்கெட், லேபிள்

எனக்கு யாருமே சொல்லாத படி இது. எடை போட்டு விற்கும் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் சமையலறைத் தராசுக்கு முத்திரை கிடைக்காது. உரிமம் பெற்ற தராசு விற்பனையாளரிடம், அந்த மாடலுக்கு அரசு அங்கீகாரம் உள்ளதாக, முத்திரைச் சான்றிதழோடு கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டியே பாக்கெட் போட்டு விற்பவர் பொதியாளராகப் பதிய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

லேபிளில் வேண்டியவை: பொருளின் பெயர், அளவு வரிசையில் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், சைவக் குறி, நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரிகளும் உட்பட்ட எம்ஆர்பி, ஒரு கிராமுக்கான விலை, உங்கள் பெயரும் முழு முகவரியும், புகாருக்கான செல்போன் எண்ணும் மின்னஞ்சலும், 14 இலக்க உணவுப் பதிவு எண். 200 கிராம் பாக்கெட் 90 ரூபாய் என்றால் ஒரு கிராம் 45 காசு என்று எழுத வேண்டும். நிலக்கடலை போன்றவை சேர்த்தால் ஒவ்வாமை எச்சரிக்கையும் வேண்டும்.

இன்னொன்று. தமிழில் மட்டும் லேபிள் அடித்தால் செல்லாது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும் என்பது உணவு லேபிள் விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். நான் இரண்டு மொழியிலும் அடித்தேன். நம் ஊர்ப் பெரியவர்கள் படிக்கிற பாக்கெட்டில் தமிழ் இல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அச்சுக்குப் போவது கடைசி வேலையாக இருக்கட்டும். எண்கள் எல்லாம் கையில் வந்து, முகவரி உறுதியான பிறகு போங்கள்.

11. பலகை, ஆட்கள், தொழில் வரி

கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக: தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். வேலைக்கு ஆள் வைத்தால் உட்கார இருக்கை கொடுப்பது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது, ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

12. எந்த மாதத்தில் எதை

மார்ச் கடைசி வாரத்தில் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். வரி வசூல் நெருக்கடியில் நம் தாளை எடுத்துப் பார்க்க ஆளிருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்த வாரத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். ஆடியில் நாம் கடை திறக்க மாட்டோம். அந்த மாதத்தைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனி கடைசியில் இடத்தின் தாள்கள் சரியாகி ஒப்பந்தம் எழுதிவிட்டால், ஆடி முதல் வாரம் உத்யம், உணவுப் பதிவு, தொழில் உரிமம் மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். நடுவில் நடப்புக் கணக்கு. ஆடி முடிவில் தராசும் அச்சும். ஆவணி முகூர்த்தத்தில் திறப்பு. வாடகையை ஆவணியிலிருந்து கணக்கிடச் சம்மதமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். எப்படியும் ஆடியில் வேறு யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

எல்லாச் சான்றிதழும் வந்ததும், ஒவ்வொன்றும் முடியும் தேதியைக் கடையின் தினசரி நாட்காட்டியில் எழுதி ஒட்டுங்கள். தராசு முத்திரைக்கு ஓராண்டு, உணவுப் பதிவுக்குச் சான்றிதழில் உள்ளபடி. சீக்கிரம் காலாவதியாகும் இன்னொன்று வாடகை ஒப்பந்தம், 11 மாதத்தில். ஒன்பதாவது மாதமே உரிமையாளரிடம் பேசி, புது ஒப்பந்தத்தைப் பழைய ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து, அதே முகவரியில், எழுத்து மாறாமல் அடிக்கச் சொல்லுங்கள்.